வேலை போனபின் வரும் பணம்

1930-ஆம் ஆண்டையொட்டி ரப்பர் விலை சரிந்தபோது மலாயாத் தோட்டங்களில் வேலையற்றுப்போன நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்நாளில் வேலை போனால் நாட்டையே விட்டுப் போகவேண்டியதாயிற்று. இன்று நிலைமை வேறு. வேலை போனாலும் சில மாதங்களுக்குக் கையில் பணம் கிடைக்க ஒரு சட்டம் இருக்கிறது. அதைப் பற்றி இன்று தெரிந்துகொள்வோம்.

அதன் பெயர் வேலை காப்புறுதித் திட்டம். 2017-இல் இயற்றப்பட்ட இச்சட்டம் 2018 ஜனவரி முதல் தேதி நடப்புக்கு வந்தது. இதை நடத்துவது நமக்குப் பழக்கமான சொக்சோ. மலாயில் பெர்கேசோ என்கிறார்கள்.

இது தர்மப் பணமா? இல்லை. உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 20 காசு பிடிக்கிறார்கள். முதலாளியும் அதே அளவு போடுகிறார். 1,700 வெள்ளி சம்பளக்காரருக்கு மாதம் மூன்று வெள்ளி சொச்சம்தான். சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அந்தப் பிடித்தம் இருக்கும். ஆகவே, இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாமே கட்டி வைத்ததைத்தான் கேட்கிறோம்.

யாருக்கு உண்டு? தனியார் துறையில் வேலை செய்யும் 18 முதல் 60 வயது வரையுள்ள குடிமக்களுக்கு உண்டு. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உண்டு. முதன்முறை கேட்பவர், வேலை போவதற்கு முந்திய 24 மாதங்களில் குறைந்தது 12 மாதம் சந்தா கட்டியிருக்கவேண்டும்.

எவ்வளவு கிடைக்கும்? சட்டம் வந்தபோது வகுத்த கணக்கு இது: முதல் மாதம் சம்பளத்தில் நூற்றுக்கு 80, இரண்டாம் மாதம் 50, மூன்றாம் நான்காம் மாதங்களில் 40, ஐந்தாம் ஆறாம் மாதங்களில் 30. சந்தா கட்டிய காலத்தைப் பொறுத்து மூன்று முதல் ஆறு மாதம் வரை கிடைக்கும். 1,700 வெள்ளி வாங்கியவருக்கு இந்தக் கணக்குப்படி முதல் மாதம் 1,300 வெள்ளிக்குமேல் வரும். அரிசிக்கும் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் அது பெரிய ஊன்றுகோல் அல்லவா? இடையில் புதுவேலை கிடைத்துவிட்டால், மீதமுள்ள தொகையில் கால் பங்கைக் கொடுத்து ஊக்குவிக்கிறார்கள். புதுத்தொழில் பயிலவும் உதவி உண்டு.

இனி, முக்கியமான செய்திக்கு வருவோம். நம் ஜொகூரில் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் கைமாறிவிட்டன. அப்படி விற்கப்பட்ட ஒரு தோட்டத்தில் எங்கள் மாணவி ஒருத்தியின் தகப்பனார் இருபது வருடம் வேலை செய்தவர். ஒருநாள் மலாயில் அச்சடித்த ஒரு தாளை ஆபீசில் நீட்டினார்கள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். பிறகு, படித்துச் சொல்லும்படி எங்களிடம் கொண்டுவந்தார். 'சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டு விலகுகிறேன்' என்று அதில் இருந்தது. நாங்கள் படித்துக் காட்டியபோது காலம் கடந்துவிட்டது.

தானாக விலகியவருக்கு இந்தப் பணம் கிடையாது. ஒழுங்கு மீறலுக்காக நீக்கப்பட்டவருக்கும், ஒப்பந்தக் காலம் முடிந்து போனவருக்கும் கிடையாது. ஆட்குறைப்பு, தோட்டம் மூடப்படுதல், முதலாளி நொடித்துப் போதல் ஆகியவற்றால் வேலை இழந்தவருக்கு உண்டு. பாலியல் தொல்லை தாங்காமல் விலகிய பெண்களுக்கும் உண்டு என்பதைத் தாய்மார்கள் மறக்கவேண்டாம்.

அந்த ஒரு கையெழுத்தால் இன்னொன்றும் போகும். 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஐந்து வருடத்துக்குமேல் வேலை செய்தவரை ஆட்குறைப்புச் செய்தால், வருடத்துக்கு 20 நாள் சம்பளம் வீதம் முதலாளி நட்டஈடு தரவேண்டும். இருபது வருடத்துக்கு 400 நாள் சம்பளம்! தானாக விலகினால் அதுவும் இல்லை.

ஆகவே, புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுத் தருகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். படித்த பிள்ளையிடமோ, பள்ளி ஆசிரியரிடமோ, தோட்டத் தொழிலாளர் சங்கத்தாரிடமோ காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் தொழிலிலாகாவில் கேளுங்கள்.

வேலை போய்விட்டால், அந்த வாரமே சொக்சோ அலுவலகத்துக்குப் போங்கள். சட்டம் வந்தபோது 60 நாள் தவணை வைத்தார்கள். தவணையை நம்பித் தள்ளிப் போடவேண்டாம். அடையாளக் கார்டு, வேலை நீக்கக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வங்கிப் புத்தகம் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். பணம் வாங்கும் காலத்தில் வேலை தேடிவருவதையும் காட்டவேண்டும்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். சட்டம் நம் வாசலுக்கு வந்து கதவைத் தட்டாது. நாம்தான் போய்க் கேட்கவேண்டும். இன்றிரவே சம்பளச் சீட்டுகளைத் தேடி ஒரு பையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள்.