தவணைக் கணிப்பான் சொல்லும் கணக்கு சரியா?

ஒரு லட்சம் ரூபாய் கடன், 12 சதவீத வட்டி, 12 மாதத் தவணை. இந்த மூன்று எண்களையும் இணையத்தில் கிடைக்கும் தவணைக் கணிப்பான் ஒன்றில் போட்டால், மாதம் 8,884.88 ரூபாய் என்று வரும். வேறொன்றில் 9,333.33 என்று வரலாம். இரண்டிலும் கூட்டல் பெருக்கலில் பிழை கிடையாது.

முதல் கணிப்பான், பாக்கி நிற்கும் அசலுக்கு மட்டும் வட்டி போடுகிறது. முதல் மாத வட்டி 1,000 ரூபாய். தவணையில் மிச்சமுள்ள 7,884.88 அசலில் கழிந்துவிட, அடுத்த மாதம் 92,115.12 ரூபாய்க்குத்தான் வட்டி. ஆண்டு முடிவில் கட்டிய மொத்த வட்டி 6,618.55 ரூபாய். இரண்டாவது கணிப்பான் போடுவது ஃபிளாட் வட்டி. அசல் எவ்வளவு குறைந்தாலும் கடைசி மாதம் வரை முழு லட்சத்துக்கும் வட்டி ஓடுகிறது; மொத்தம் 12,000 ரூபாய். பாக்கிக்கு வட்டி போடும் முறையில் இதைச் சொன்னால் ஏறத்தாழ 21.5 சதவீதம். எந்த முறையில் கணக்குப் போட்டோம் என்பதை விடைக்குப் பக்கத்திலேயே எழுதாத கணிப்பானை, அது எத்தனை தசம இடம் காட்டினாலும், நான் நம்பமாட்டேன். கடன் வாங்குகிறவர் ஏமாறும் இடம் பெரும்பாலும் இதுதான்.

முறை சரியாக இருந்தாலும் எந்திரத்துக்குள் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. கணினி எண்களை இரண்டின் அடுக்குகளின் கூட்டுத்தொகையாகத்தான் வைத்துக்கொள்கிறது. அரை, கால், அரைக்கால் எல்லாம் அதில் அச்சாகப் பொருந்தும். பத்தில் ஒன்று பொருந்தாது. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடிவில்லாமல் நீள்வதைப் போல, 0.1 இரும எண்ணில் முடிவில்லாமல் நீள்கிறது. கணினி அதை ஓரிடத்தில் நிறுத்தியாக வேண்டும். அதனால்தான் பெரும்பாலான நிரல்மொழிகளில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருகிறது. இதைப் பழுது என்று சொல்ல முடியாது. 1985-இல் வெளியான ஐஇஇஇ 754 என்ற தரவிதி வகுத்த நடத்தை இது. அந்த விதியை உருவாக்குவதில் முன்னின்ற வில்லியம் கஹானுக்கு 1989-இல் டூரிங் விருது கிடைத்தது. எல்லாக் கணினிகளும் ஒரே விதமாக நிறுத்தினால்தான், எவ்வளவு பிசகும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியும்.

பதினேழாவது இலக்கத்தில் வரும் பிசகு நம் பணத்தை என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தையில் நடந்ததைப் பாருங்கள். 1982 ஜனவரியில் அங்கே ஒரு புதிய குறியீட்டு எண்ணை 1000 என்று வைத்துத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பரிவர்த்தனைக்குப் பிறகும் கணினி அதைத் திருத்தி, மூன்று தசம இடங்களுக்கு மேல் உள்ளதை வெட்டி எறிந்தது. முழுமையாக்கவில்லை, வெறுமனே வெட்டியது. வெட்டினால் எண் எப்போதும் கீழ்நோக்கித்தான் போகும். ஒரு நாளில் ஏறத்தாழ மூவாயிரம் முறை இந்த வெட்டு விழுந்தது. சந்தை நன்றாக நடந்துகொண்டிருக்க, 1983 நவம்பரில் குறியீடு 524.811-இல் கிடந்தது. திருத்திக் கணக்கிட்டபோது வந்த எண் 1098.892. ஒவ்வொரு பிழையும் ஓர் அலகில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்ததால் பாதிக்கு மேல் மறைந்துபோனது.

இரும எண்ணால் வரும் பிசகுக்கான மருந்து நிரல் எழுதுகிறவர்களுக்குத் தெரிந்ததுதான்: பணத்தை ரூபாயாக வைக்காமல் பைசாவாக, முழு எண்ணாக வைத்துக்கொள்வது. இல்லையென்றால் 1.005-ஐ இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கும்போது 1.01 வருவதற்குப் பதில் 1.00 வரும். உள்ளே இருப்பது 1.005-ஐவிட ஒரு துளி குறைந்த எண் என்பதே காரணம்.

ஒரு கணிப்பானைச் சோதிக்கச் சாதாரண எண்கள் போதாது. ஓரத்தில் நிற்கும் எண்களைக் கொடுக்க வேண்டும். கைபேசிக் கடைகளில் வட்டியில்லாத் தவணை உண்டல்லவா, வட்டி விகிதத்தில் பூஜ்யம் போட்டுப் பாருங்கள். தவணைச் சூத்திரத்தின் மேலும் கீழும் பூஜ்யமாகி, கவனமில்லாமல் எழுதிய கணிப்பான் விடையில்லை என்று கைவிரிக்கும். கடனை மாதங்களால் வகுப்பதுதான் அங்கே விடை என்று அதை எழுதியவர் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு மாதத் தவணை, காலியாக விட்ட கட்டம், எண்ணுக்கு நடுவே காற்புள்ளி இவற்றையும் கொடுத்துப் பார்க்கலாம். கட்டணங்களும் உண்டு. ரிசர்வ் வங்கி 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன்களுக்கு, கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதத்தைக் கடன் வாங்குகிறவருக்குத் தெரிவிக்கச் சொல்லியிருக்கிறது. செயலாக்கக் கட்டணத்துக்கு இடமே இல்லாத கணிப்பானால் அந்த விகிதத்தைக் காட்ட முடியாது.

எல்லாவற்றையும்விட உறுதியான சோதனை, கணக்கைத் திருப்பிப் போடுவது. வந்த தவணையை எடுத்துக்கொண்டு மாதாமாதம் வட்டி சேர்த்து, தவணை கழித்து வந்தால் பன்னிரண்டாம் மாதம் பாக்கி பூஜ்யத்தில் நிற்க வேண்டும். தவணையை 8,885 ரூபாயாக முழுமையாக்கினால் மாதம் 12 பைசா கூடுதலாகப் போகும். ஆகவே கடைசித் தவணை ஏறத்தாழ ஒன்றரை ரூபாய் குறைந்து 8,883.46 ஆக வரும். மாதவாரி அட்டவணை தரும் கணிப்பானில் முதலில் கடைசி வரியைப் பாருங்கள். அங்கேயும் 8,885 என்றே இருந்தால், முழுமையாக்கியதில் வந்த வித்தியாசத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.