மூக்கில் உள்ள பூட்டு

கரப்பான் என்று ஊரார் சொல்லும் எக்ஸிமா, தோலின் மேற்படலம் ஈரத்தைப் பிடித்துவைக்க முடியாமல் தளர்ந்துபோவதால் வரும் நோய். இலங்கையின் ஊவா மலைகளில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்று கொழுந்தின் ஈரத்தை இழுத்து, தேயிலைக்குப் பேர்போன மணத்தைக் கொடுக்கிறது. பசறை, மடுல்சீமை, நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டங்களில் கரப்பானுள்ள பிள்ளையின் தோலையும் அது விட்டுவைப்பதில்லை.

2020 பெப்ரவரி 1ஆம் திகதி வுஹானிலிருந்து அழைத்துவரப்பட்ட 33 இலங்கை மாணவர்கள் பதுளை மாவட்டத்துத் தியத்தலாவ இராணுவ முகாமில் தனிமைப்படுத்தப்பட்டார்கள். கொரோனா நோய்க்குக் கொவிட் 19 என்று பெயர் வைப்பதற்கு முன்பே ஊவா அதன் அச்சத்தைச் சந்தித்துவிட்டது. கரப்பானால் வெடித்த தோல் வழியாக அந்தக் கிருமி பிள்ளைக்குள் புகுந்துவிடுமா என்பது பெற்றோருக்கு எழக்கூடிய நியாயமான அச்சம்.

அந்த அச்சத்துக்கு வரலாறும் உண்டு. ஹெர்பிஸ் வைரஸ் கரப்பான் தோலில் பற்றிப் பரவும் நோயை 1887இல் கப்போசி என்ற மருத்துவர் விவரித்தார். பெரியம்மைத் தடுப்பூசியில் இருந்த உயிருள்ள வைரஸும் கரப்பானுள்ளவர்களுக்கு ஆபத்தாக முடிந்தது. ஆனால் அவை தோலில் வளரத் தெரிந்த வைரஸ்கள். கொரோனா மூச்சுப்பாதையைத் தேடுவது. வெடித்த தோல் வழியாக அது தொற்றுகிறது என்பதற்குச் சான்று இல்லை.

தோலை லயக் காம்பராவின் பின்சுவராகவும் மூக்கை முன்கதவாகவும் வைத்துக்கொள்ளலாம். சுவரின் கற்கள் தோலின் செல்கள். இடையில் உள்ள சாந்து கொழுப்பு. கற்களை இறுக்கி ஈரம் காப்பது ஃபிலாக்ரின் என்னும் புரதம். கரப்பானில் பெருகும் இன்டர்லூக்கின் 13 என்ற சமிக்ஞைப் புரதம் ஃபிலாக்ரின் உற்பத்தியைக் குறைக்கிறது. சுவர் வெடிக்கிறது, தூசும் பக்டீரியாவும் நுழைகின்றன. கொரோனாவோ சுவரைப் பார்ப்பதே இல்லை. கையில் திறப்போடு முன்கதவுக்கு வருகிறது. அதன் கூர்முனைப் புரதமே திறப்பு. மூச்சுப்பாதைச் செல்களின் மேல் நிற்கும் ஏஸ்2 என்ற புரதமே பூட்டு.

வியப்பு இங்கேதான். பின்சுவரின் இறுக்கத்தைத் தளர்த்தும் அதே இன்டர்லூக்கின் 13, முன்கதவின் பூட்டுகளையும் கழற்றுகிறது. ஆய்வுகூடத்தில் மூச்சுப்பாதைச் செல்கள் மீது அதை இட்டபோது ஏஸ்2 குறைந்தது. ஆஸ்துமாவோடு ஒவ்வாமையும் உள்ள பிள்ளைகளின் மூக்குச் செல்களிலும் ஏஸ்2 குறைவாக இருந்ததை 2020இல் ஆய்வாளர்கள் கண்டார்கள். பூட்டுகள் குறைந்தால் திறப்பை நுழைக்க இடமும் குறையும்.

இதை வைத்துக் கரப்பான் கொரோனாவுக்குக் கவசம் என்று சொல்லிவிடுவது தவறு. திறப்பு பூட்டில் பொருந்தினாலும், அதை அராவிக் கூராக்கினால்தான் கதவு திறக்கும். அந்த அரம் ஒரு நொதியம். இன்டர்லூக்கின் 13 அதைக் கூட்டுகிறது. பூட்டுகள் குறைந்து அரங்கள் பெருகிய வீட்டில் கணக்கு எப்படி முடியும் என்பதை ஆய்வுகூடம் மட்டும் சொல்லிவிட முடியாது. குடும்பங்களைத்தான் பின்தொடர வேண்டும். அமெரிக்காவின் 12 நகரங்களில் 4,000 பேருக்கு மேற்பட்டவர்களை 2020 மே முதல் 2021 பெப்ரவரி வரை பின்தொடர்ந்த ஹீரோஸ் ஆய்வில், உணவு ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தொற்று அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதியாக இருந்தது. ஆஸ்துமாவும் கரப்பானும் தொற்று அபாயத்தைக் கூட்டவில்லை. கரப்பான் அதைக் குறைத்ததாகவும் தெரியவில்லை.

கொரோனாக் காலத்தில் பிள்ளைகளின் தோலுக்கு உண்மையில் துன்பம் கொடுத்தது கை கழுவும் சவர்க்காரம். கொரோனாவின் உறை கொழுப்பாலானது. சவர்க்காரம் அதை உடைக்கிறது. தோலின் சாந்தும் கொழுப்புத்தான். அடிக்கடி கழுவும்போது அதுவும் கரைந்துபோகிறது. கழுவிய கையை ஈரம் முற்றாகக் காயுமுன் வாசனையற்ற களிம்பால் மூடினால் அந்த இழப்பு பெருமளவு ஈடாகும். காய்ச்சலின் வெப்பமும் வியர்வையும் அரிப்பைக் கூட்டக்கூடும் என்பதால், தொற்று வந்த நாட்களில் வழக்கமான பூச்சு மருந்தை நிறுத்தக் காரணம் இல்லை. தோலில் பூசும் ஸ்டீரொய்ட் களிம்பு வேறு, உடல் முழுவதும் நோயெதிர்ப்பை அடக்கும் ஸ்டீரொய்ட், சைக்ளோஸ்போரின் மாத்திரைகள் வேறு. மாத்திரை எடுக்கும் பிள்ளைக்குக் கொவிட் வந்தால் உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். தாமாக அதை நிறுத்தக் கூடாது.