பிராஸ்டேட் வீக்கமும் அறுவை முறைகளும்

சென்ற மார்கழியில் ஒரு நள்ளிரவு. எங்கள் தில்லி வீட்டில் அப்பா அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தார். பகல் முழுதும் ஒரு சொட்டுச் சிறுநீரும் பிரியவில்லையாம். ஜலதோஷத்துக்குக் கடையில் வாங்கி விழுங்கிய மாத்திரை செய்த வேலை. அவற்றுள் சில, சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கிவிடும். ஆனால் இரவில் ஐந்தாறு முறை எழுவதை இரண்டாண்டுகளாகவே எங்களிடம் மறைத்திருக்கிறார். வெட்கம் பாதி, புற்றுநோயோ என்ற பயம் பாதி. ஆஸ்பத்திரியில் குழாய் செருகியபோது ஒரு லிட்டருக்கு மேல் வடிந்தது.

சிறுநீர்ப்பைக்கு அடியில், நீர்த்தாரையைச் சுற்றி மோதிரம்போல் இருப்பது பிராஸ்டேட் சுரப்பி. நம் வயதில் சுமார் 20 கிராம். முதுமையில் பருத்துத் தாரையை நெரிக்கிறது. இவ்வீக்கம் புற்றுநோயன்று, புற்றாக மாறுவதுமில்லை. பலருக்கு மருந்தே போதும். மருந்து தந்தும் குழாயை எடுக்க இயலாவிடில், சிறுநீரகம் கெடத் தொடங்கினால், பையில் கல் சேர்ந்தால், கத்திதான்.

முன்பு வயிற்றைக் கீறி, பையைத் திறந்து, விரலால் அகழ்ந்தெடுத்தனர். இந்திய மருத்துவப் பணியிலிருந்து திரும்பிய பீட்டர் பிரேயர் 1900-இல் லண்டனில் இதைச் செய்து புகழ் பெற்றார். பையைத் திறவாத வழியை 1945-இல் டெரன்ஸ் மில்லின் வெளியிட்டார். மிகப் பெரிய சுரப்பிகளுக்குத் திறந்த அறுவை இன்றும் உண்டு.

இப்போது பெருவழக்காயிருப்பது, தாரை வழியே கருவியைச் செலுத்தி மின்கம்பி வளையத்தால் சீவுவது. தேங்காய் துருவுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடு நிற்கும், உள்ளிருப்பது வரும். ஹோல்மியம் லேசரோ கொப்பரையாகவே பெயர்த்துவிடுகிறது. பிறகு பைக்குள் நறுக்கி உறிஞ்சுகிறார்கள். பௌதிகம் படிக்கும் எனக்கு இதில் தனி ருசி. அதன் அலைநீளம் சுமார் 2100 நானோமீட்டர். நீர் அதை உடனே விழுங்கிவிடுவதால் சூடு அரை மில்லிமீட்டர் ஆழங்கூட இறங்காது. இரத்தச் சேதமும் குறைவு. சுரப்பி எவ்வளவு பெரிதானாலும் செய்யலாம். கைதேர்ந்தவர் வேண்டும், அவ்வளவே.

சீவினாலும் பெயர்த்தாலும் பலருக்கு விந்து வெளிவராமல் பைக்குள் திரும்பிவிடும். ஆண்மைக் குறைவு வேறு, இது வேறு. டாக்டர் இதை விளக்கியபோது அப்பா சுவரைப் பார்த்தார். நான் சன்னலைப் பார்த்தேன். இதைத் தவிர்க்க விரும்புவோர்க்கு நீராவி பாய்ச்சுவதும், சுரப்பியை விலக்கி ஊக்குப் போடுவதும் உண்டு. அவை மிகப் பெரிய சுரப்பிக்கு ஆகா. பலனும் சற்றுக் குறைவு.

அப்பாவுக்குச் சீவியே எடுத்தார்கள். மூன்றாம் நாள் குழாய் நீங்கியது. சில வாரம் எரிச்சல், அவ்வப்போது இரத்தம். சீவல்களைச் சோதித்ததில் புற்று இல்லை. ஆயினும் மீந்திருக்கும் ஓட்டுப் பகுதியில் பின்னாளில் அது தோன்றக்கூடும் என்பதால் சோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது அப்பா இரவில் ஒருமுறைதான் எழுகிறார். அதையும் காலையில் அம்மாவிடம் சொல்லிவிடுகிறார்.