வில்லையின் சிற்றசைவு

கமராவிற் பூட்டிய வில்லையைப் பிடித்துத் திருப்பினால் அது மயிரிழையளவு அசைவதுண்டு. பழுதென்று கலங்குவோர் பலர். ஆயின் அசைவு இருவகைப்படும். அவற்றைப் பிரித்தறிதல் வேண்டும்.

1959ஆம் ஆண்டு யப்பானில் வெளிவந்த நிக்கோன் எஃப் கமராவை நோக்குவோம். அதன் பூட்டுவளையத்துக்கும் படச்சுருளின் தளத்துக்கும் இடையேயுள்ள தூரம் 46.5 மில்லிமீற்றர். வில்லையை வளையத்தோடு இறுகப் பொருத்துவன உள்ளிருக்கும் தகட்டுவிற்கள். அது திரும்பாது தடுப்பது ஒரு சிற்றாணி. ஆணி தன் குழியினுள் தடையின்றி விழுதற்குச் சிறிது இடைவெளி வேண்டும். அவ்விடைவெளியே சுழலசைவாகத் தோன்றுகின்றது. வில்லை தன் அச்சிலேயே திரும்புதலால் அத்தூரம் மாறுவதில்லை, படமும் தெளிவிழப்பதில்லை.

முன்பின்னாகவோ சாய்ந்தோ ஆடுமாயின் நிலை வேறு. தூரம் பிழைத்தாற் குவிவு தவறும். வில்லை சாய்ந்தாற் படத்தின் ஒருபுறம் மங்கும். விற்கள் தளர்ந்தனவா, திருகாணிகள் கழன்றனவா என வல்லாரிடம் காட்டுதல் நன்று. முன்னதைத் திருத்த முயல்வது வீண். பின்னதைப் பொறுத்திருப்பது கேடு.