நீலத் தாழியிலும் காபி டம்ளரிலும் ஒரே விதை

செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் போகும் வழியில், ஏரிக்கரை ஓரத்திலும் தரிசு நிலத்திலும் மழை கண்டதும் முளைக்கும் செடிகளில் ஒன்று தகரை. ஊசித்தகரை என்றும் சொல்வார்கள். முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை வளரும். காம்புக்கு மூன்று இணை இலைகள் இருக்கும், நுனி உருண்டிருக்கும், இருட்டியதும் இலைகள் மடங்கிக்கொள்ளும். மஞ்சள் பூ உதிர்ந்த பிறகு மெலிந்து நீண்டு வளைந்த காய் வரும். பயிர் வைத்திருப்பவர்களுக்கு இது களை. ஆனால் நீலச் சாயம் போட்ட தென்னிந்தியச் சாயக்காரர்களுக்கு இதன் விதை இல்லாமல் வேலை ஓடாது. அதே விதையை வறுத்துக் கொதிக்கவைத்தால் காபி வாசம் வரும் ஒரு பானமும் கிடைக்கும். இரண்டுக்கும் எப்படி உதவுகிறது, எங்கே எச்சரிக்கை வேண்டும் என்று பார்ப்போம்.

முதலில் நீலம். அவுரி இலையில் நீலம் நேராக இல்லை. இலையைத் தொட்டியில் ஊறவைக்கும்போது அதிலுள்ள ஒரு சர்க்கரைச் சேர்மம் சிதைந்து நீரில் இறங்குகிறது. அந்த நீரைத் துடுப்பால் அடித்துக் காற்றுப் படவைத்தால் நீலமாக மாறி அடியில் படியும். அந்தப் படிவைக் காய்ச்சி, வடிகட்டி, துண்டு போட்டுக் காயவைத்தால் நீலக்கட்டி. இங்கேதான் சிக்கல்: நீலக்கட்டி தண்ணீரில் கரையாது. பொடித்துக் கலக்கினாலும் துணி மேல் தூசியாக ஒட்டி, அலசினால் போய்விடும்.

கரைய வேண்டுமானால் அதிலுள்ள ஆக்சிஜனின் பிடியைத் தளர்த்த வேண்டும். இதற்குத்தான் புளிக்கவைத்த தாழி. தகரை விதையைக் குழையக் குழைய வேகவைத்து, அந்தக் கொழகொழப்போடு தாழியில் ஊற்றுவார்கள். கூடவே சுண்ணாம்புத் தெளிவு, காரத்துக்கு முன்பு உவர்மண், இப்போது சோடா. விதையில் பிசின் நிறைய இருக்கிறது. உணவுத் தொழிற்சாலைகள் கூழ்த்தன்மைக்காகச் சேர்க்கும் பிசினை இந்த விதையிலிருந்தே எடுக்கிறார்கள். அந்தப் பிசின்தான் தாழிக்குள் வாழும் நுண்ணுயிர்களுக்குத் தீனி. அவை தின்று பெருகும்போது தாழியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும், நீலம் நிறமிழந்து கரையும். சுண்ணாம்பு நீரைக் காரமாக வைத்திருந்தால்தான் கரைந்தது கரைந்தபடி நிற்கும். புளிப்பு ஏறிவிட்டால் தாழி கெட்டது.

நல்ல தாழியைக் கண்ணால் அறியலாம். மேலே நீல நுரை, நுரையை விலக்கினால் செம்பு மினுக்கும் ஏடு, அதற்குக் கீழே மஞ்சளும் பச்சையும் கலந்த தெளிவான நீர். நனைத்த துணியை மெதுவாக உள்ளே அமிழ்த்தி, காற்றுக் குமிழி புகாமல் சில நிமிடம் பிடித்து, வெளியே எடுத்துப் பிழிந்தால் துணி பச்சையாக இருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து நீலம் ஏறும். காற்றிலுள்ள ஆக்சிஜன் திரும்பச் சேர்ந்து, நீலம் மறுபடி கரையாததாகி நூலுக்குள்ளேயே பூட்டிக்கொள்கிறது. அதனால்தான் அவுரி நீலத்துக்குப் படிகாரம் போன்ற பிடிப்புப் பொருள் தேவையில்லை. ஆழமான நிறம் வேண்டுமா, இப்படிப் பலமுறை முக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரே தடவையில் நிறைய நேரம் ஊறப்போட்டால் பலன் இல்லை.

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் குங்குமத்தை நெற்றியில் வைக்கும் இந்த ஊர்க்காரர்களுக்குச் சுண்ணாம்பு நிறத்தை மாற்றும் என்பது புதிதல்ல. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும். குங்குமம் செய்கிற பழைய முறையே அதுதான். ஆனால் துணிக்கு மஞ்சள் சாயம் நிலைக்காது, வெயிலில் வெளுத்துப்போகும். நீலம் அப்படியல்ல.

இந்த நிலம் நீலத்தால் வாழ்ந்த நிலம். பழைய தென்னாற்காடு மாவட்டம் சென்னை மாகாணத்தில் அவுரி விளைந்த முக்கியப் பகுதிகளில் ஒன்று. புதுச்சேரியில் நீலம் தோய்த்த, ‘கினி’ எனப்பட்ட துணி கப்பலேறி செனகல் வரை போனது. 1897-இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அவுரி வயல்கள் சுருங்கின. முழுக்க அழியவில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல். திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி விளைகிறது. ஆரோவில்லில் 1993-இல் தொடங்கிய ‘கலர்ஸ் ஆஃப் நேச்சர்’ பட்டறை புளிக்கவைத்த தாழியில் நீலம் தோய்க்கிறது. முறையாகத் தீனி போட்டுவந்தால் ஒரு தாழி ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

வீட்டில் முயல நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம்: நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அவுரிப் பொடி காய்ந்த இலைப்பொடி, முடிக்குப் போடுவது. தாழிக்கு நீலக்கட்டிதான் வேண்டும். தகரைத் தாழி பழுக்கப் பல நாள் ஆகும். நம் ஊர்ச் சூடு அதற்கு உதவும், மார்கழிக் குளிரில் மந்தமாகும். பொறுமை இல்லாதவர்களுக்கு பிரான்சின் மிஷேல் கார்சியா பரப்பிய எளிய வழி இருக்கிறது. 1 பங்கு நீலப்பொடி, 2 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு பழச்சர்க்கரை, வெந்நீர். சில மணி நேரத்தில் நீர் பச்சையாகும். எந்த முறையானாலும் கையுறை போடுங்கள். சுண்ணாம்பு நீர் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, குழந்தைகளை அருகே விடாதீர்கள்.

இனி காபி. அதற்கு முன் செடியைச் சரியாக அடையாளம் காண வேண்டும், இதில் சமரசமே கூடாது. தகரையோடு சேர்ந்தே வளரும் பேயாவாரையும் அதே குடும்பம், அதே மஞ்சள் பூ. அதன் இலைகள் நான்கைந்து இணையாக, நுனி கூர்மையாக இருக்கும். கசக்கினால் குமட்டும் நாற்றம் வரும். காய் தட்டையாக, ஓரம் வெளிறி இருக்கும். விதை தட்டை வட்டம். தகரை விதையோ பளபளப்பாக, இருபுறமும் சாய்வாக வெட்டிய துண்டு மாதிரி இருக்கும். மேற்கு உத்தரப் பிரதேசத்தில் ஆண்டுதோறும் குழந்தைகளைக் கொன்றுவந்த நோயை மூளைக்காய்ச்சல் என்றே நினைத்திருந்தார்கள். பேயாவாரை விதையைத் தின்றதற்கும் அந்த மரணங்களுக்கும் உள்ள தொடர்பை 2007-இல் வெளியான மருத்துவ ஆய்வு காட்டியது. கல்லீரல், தசை, மூளை மூன்றையும் அந்த நஞ்சு தாக்குகிறது. செடி தெரிந்த ஒருவர் பார்த்துச் சொல்லாமல் எந்த விதையையும் அடுப்பில் ஏற்றாதீர்கள்.

தகரைதான் என்று உறுதியானபின், முற்றிக் காய்ந்த காயிலிருந்து விதையை உதிர்த்து, புடைத்து, கழுவி, வெயிலில் காயவையுங்கள். இரும்பு வாணலியில் மிதமான தீயில் கைவிடாமல் வறுக்க வேண்டும். விதை வெடிக்கத் தொடங்கும், நிறம் கறுக்கும், வாசம் வரும். காபிக்கொட்டையிலும் சிக்கரியிலும் நடப்பதே இங்கும் நடக்கிறது. சூட்டில் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து பழுப்பேறுவதால் பிறக்கும் மணம் அது. காஃபின் மட்டும் கிடையாது. வறுப்பதில் இன்னொரு நன்மை, பச்சை விதைக்குள்ள பேதித் தன்மை குறையும். அதனால் அரைகுறையாக வறுக்கக் கூடாது.

இதை ஃபில்டர் காபித்தூள் போல நைசாக அரைத்து ஃபில்டரில் போட வேண்டாம். தாழிக்கு உதவிய அதே பிசின் இங்கே எதிரி: வெந்நீர் பட்டதும் தூள் கொழகொழத்து ஓட்டைகளை அடைத்துவிடும், டிகாக்ஷன் இறங்காது. சீனாவிலும் கொரியாவிலும் ஜப்பானிலும் இந்த இன விதையை வறுத்து முழுசாகவே கொதிக்கவிடுகிறார்கள், அதுதான் சரி. இரண்டு டம்ளர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி விதை, பத்து நிமிடக் கொதி, பிறகு வடிகட்டு. பாலும் நாட்டுச் சர்க்கரையும் சேர்க்கலாம். காபிப் பிரியர்கள் வழக்கமான டிகாக்ஷனோடு பாதிக்குப் பாதி கலந்தால் மணம் குறையாது, காஃபின் பாதியாகும். இதை மருந்தாக நினைத்துத் தினம் குடிக்க வேண்டாம். கர்ப்பிணிகளும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களும் தவிர்ப்பது நல்லது. குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

ஃபில்டரில் மிஞ்சும் காபிச் சக்கையையும் எறிய வேண்டியதில்லை. கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த பருத்தித் துணியைச் சக்கை வெந்த நீரில் ஒரு மணி நேரம் மெல்லக் காய்ச்சினால் இளம்பழுப்பு வரும். துருப்பிடித்த ஆணிகளை வெல்லத் தண்ணீரில் இரண்டு மூன்று வாரம் ஊறவைத்து, அந்த நீரில் சில துளி விட்ட தண்ணீரில் துணியை ஒருமுறை அலசுங்கள். கடுக்காயின் துவர்ப்பை இரும்பு பிடித்துக்கொண்டு பழுப்பு சாம்பலாகும். கலம்காரிக்காரர்கள் கருப்புக் கோடு போடுவதும் இந்த இரும்பு நீரில்தான். துளிகள் கூடினால் நிறம் கறுத்துக்கொண்டே போகும், இழையும் நைந்துபோகும். ஆகவே முதலில் ஒரு கைக்குட்டையில் முயன்று பாருங்கள்.