டீசல் எந்திரத்தின் தாகம்

பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, வேதியியல்

மனிதனுக்கு வியர்வை எப்படியோ, எந்திரத்துக்கு ரேடியேட்டர் அப்படி. டீசல் எரிவதால் பிறக்கும் வெப்பத்தில் ஒரு பங்கே வண்டியை இழுக்கிறது. ஒரு பங்கு புகையோடு போய்விடும். எஞ்சியதில் பெரும்பகுதியைச் சிலிண்டரைச் சுற்றி ஓடும் திரவம் சுமந்து சென்று காற்றிடம் ஒப்படைக்கிறது. அத்திரவம் எதுவாக இருத்தல் நலம் என்று காண்போம்.

விளாங்குடி வழியே திண்டுக்கல் சாலையில் செல்லும் ஓட்டுநர்களிடம் கூலண்ட் பற்றிக் கேட்டால், "நம்ம ஊர்ல பனியா உறையுது? தண்ணி போதும் தம்பி" என்பர். இதில் பாதி உண்மை உண்டு. நீரின் தன்வெப்பம் 4.18, எத்திலீன் கிளைக்காலுக்கோ சுமார் 2.4தான். வெப்பத்தைச் சுமப்பதில் நீருக்கு நிகரில்லை.

மறுபாதி என்ன? போர்வெல் நீரிலுள்ள கால்சியம் பைகார்பனேட், சூடேறியதும் சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. வெந்நீர்ப் பானையின் அடியில் காணும் வெள்ளைப் படிவம் இதுவே. வார்ப்பிரும்பைக் காட்டிலும் இது பன்மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். ஆகவே ரேடியேட்டர் நிறைய நீரிருந்தும் எந்திரம் கொதிக்கும். துருவும் சேரும். மேலும், ஒவ்வொரு வெடிப்பிலும் லைனர் அதிர, அதன் வெளிச்சுவரில் நுண்குமிழிகள் தோன்றி உடைந்து அம்மைத் தழும்பு போல் குழி பறிக்கின்றன. நாளடைவில் லைனரே துளைபட்டுவிடும்.

என் தந்தையார் லாரி ஓட்டிய வருவாயில்தான் எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் கல்லூரி வாசலை மிதித்தேன். வண்டி பட்டறையில் நிற்கும் நாள்களில் எங்கள் அடுப்புக்கும் விடுமுறைதான். எனவே இது எனக்கு வெறும் பாடமன்று.

இனி மாற்று வழிகள். முதலாவது, எத்திலீன் கிளைக்காலும் நீரும் சரிபாதி கலந்தது. இது சுமார் 107 டிகிரியில் கொதிக்கும்; மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. ஆனால் இனிப்பான நஞ்சு. குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் எட்டக்கூடாது. இரண்டாவது, புரொப்பிலீன் கிளைக்கால். நச்சு மிகக் குறைவு, விலை கூடுதல். மூன்றாவது, உப்பு நீக்கிய நீருடன் அரிமானத் தடுப்பான் மட்டும் சேர்ப்பது. நம் ரயில்வேயின் டீசல் எந்திரங்கள் இம்முறையில் ஓடியுள்ளன.

பனியறியா மதுரைச் சமவெளிக்கு உறையாமை முக்கியமன்று. துருவும் படிவமும் தடுப்பதே முக்கியம். ஆகவே வாகனக் கையேடு அனுமதித்தால் மூன்றாவது முறையே போதும். கையேடு கிளைக்கால் கேட்டால், அது கூறும் விகிதத்தில் உப்பு நீக்கிய நீரிலேயே கலக்க வேண்டும். நிறத்தை நம்பி இரு வகைகளைக் கலத்தல் கூடாது. நிறத்துக்குப் பொது விதி ஏதும் இல்லை. தடுப்பான் நாளடைவில் தீர்ந்துவிடுமாதலால், குறித்த காலத்தில் மாற்றுவதும் அவசியம். சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது.

கடின நீர் பற்றி வகுப்பில் கற்பது தேர்வுத்தாளோடு முடியாமல் பட்டறை வரை சென்றால், பல வீடுகளில் அடுப்பு அணையாது.