பெரியப்பாவுக்காகப் பிடித்த சுருட்டு

முதல்லயே சொல்லிடறேன், நான் புகை பிடிக்கிற ஆள் இல்லை. கல்லூரியில் இரண்டு மாதம் சிகரெட் ஊதிப் பார்த்துவிட்டு விட்டவன். அப்படிப்பட்டவன் ஒரு கியூபா சுருட்டைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதக் காரணம் காரைக்காலில் இருக்கும் என் பெரியப்பா.

பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்க பக்கம் 'சொல்தா' என்பார்கள். காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போன ஊர். 1954 நவம்பர் 1-ஆம் தேதி இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தது. சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16-இல்தான். அப்போது ஆறு மாதத்துக்குள் விருப்பம் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. எழுதிக் கொடுத்தவர்களில் பெரியப்பாவும் ஒருவர். தாத்தா ஆயுசு முழுக்கத் திருச்சி சுருட்டு பிடித்தவர். பெரியப்பா பட்டாளத்தில் கியூபா சுருட்டு பழகிக்கொண்டார். வாரத்துக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்.

போன வருஷம் அவர் கன்னத்தின் உள்பக்கம் ஒரு வெள்ளைப் படலம் தெரிந்தது. சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்றுநோய் இல்லை, ஆனால் அப்படி ஆகக்கூடியது, புகையை நிறுத்தினால் சுருங்க வாய்ப்பு உண்டு, மூணு மாசத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்க என்றார் டாக்டர். அன்றே நிறுத்திவிட்டார். விஷயம் தெரியாமல் பாரிஸிலிருந்து வந்த அண்ணன் மூன்று சுருட்டுகளைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தான்.

பெரியப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார். "நீ பிளாக்கெல்லாம் எழுதறியே, இதைப் புடிச்சுப் பாத்து எழுதிக் காட்டு. ஆனா 'நல்லா இருக்கு'ன்னு மட்டும் எழுதாதே. அது எல்லாருக்கும் தெரியும்."

சொல்லைச் சுருட்டியவர்கள்

சுருட்டு என்ற சொல் நம்முடையது. சுருட்டப்பட்டது, அதனால் சுருட்டு. அது பிரெஞ்சில் 'ஷெரூத்' ஆகி, ஆங்கிலத்தில் 'செரூட்' ஆனது. சொல்லையே சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று பெரியப்பா சிரிப்பார். பிரான்சின் பங்கு இன்னொன்றும் உண்டு. போர்ச்சுகலில் பிரெஞ்சுத் தூதராக இருந்த ஜான் நிக்கோ 1560 வாக்கில் புகையிலையைப் பாரிஸ் அரண்மனைக்கு அனுப்பினார். நிக்கோட்டின் என்ற பெயர் அவரிடமிருந்து வந்ததுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி உறையூர்ச் சுருட்டு இங்கிலாந்து வரை போனது. 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலிலேயே, கொலை நடந்த வீட்டில் கிடந்த சாம்பலை வைத்து அது திருச்சி சுருட்டு என்று ஹோம்ஸ் கண்டுபிடிப்பார். சாம்பலைப் பார்த்தே ஊரைச் சொல்லும் அளவுக்கு அது தெரிந்த சரக்கு.

முதல் சுருட்டு: பீரோ வாசம்

அண்ணன் கொண்டுவந்தது பர்த்தகாஸ் சீரி டி எண் 4. பர்த்தகாஸ் 1845-இல் ஹவானாவில் தொடங்கிய பெயர். இந்தச் சுருட்டின் நீளம் 124 மில்லிமீட்டர், பருமன் 50. சுருட்டின் பருமனை ஓர் அங்குலத்தை 64 பங்காக்கி அளக்கிறார்கள். 50 என்றால் கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர், கட்டைவிரல் கனம். கியூபா சுருட்டுகளிலேயே திடமானது என்று பெயர் எடுத்தது.

முதல் சுருட்டை வீணாக்கினேன். பெரியம்மா பத்திரமாக இருக்கட்டுமென்று மூன்றையும் பட்டுப்புடவைக்கு நடுவில் பீரோவில் வைத்துவிட்டார். பத்து நாள் கழித்து எடுத்துப் பற்ற வைத்தால் அந்துருண்டை வாசம். என் குறிப்பில் 'ரசக்கற்பூரம், கல்யாண வீடு' என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு, "கியூபாக்காரன் கேட்டா தூக்குல தொங்கிடுவான்" என்றார் பெரியப்பா.

புகையிலை பக்கத்தில் இருக்கும் வாசத்தையும் காற்றிலிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். சுருட்டுக்கு ஏற்ற ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம். காரைக்காலில் ஐப்பசி, கார்த்திகை மழையில் அது எங்கேயோ போய்விடும். ஈரம் ஏறிய சுருட்டு ஒரு பக்கமாக எரியும், அணையும், பூசணம் பிடிக்கும். காய்ந்துபோனால் சூடாக எரிந்து நாக்கைச் சுடும்.

ஈரமானி ஒன்று வாங்கினேன். மலிவு, நம்ப முடியாது. அதைச் சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் சேறு பதத்துக்குத் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75-இல் நிற்கும். அது உப்பின் இயல்பு. என் மானி 80 காட்டியது. அதனால் எப்போதும் ஐந்தைக் கழித்துக்கொண்டேன். மீதி இரண்டு சுருட்டும், ஈரத்தை 69-இல் நிறுத்தும் பொட்டலத்தோடு தகர டப்பாவுக்குள் போயின. மூன்று வாரத்தில் அந்துருண்டை வாசம் என் மூக்குக்கு எட்டாத அளவுக்குப் போய்விட்டது.

திடம் என்றால் எது?

காத்திருந்த நாளில் ஒன்று புரிந்தது. 'திடமான சுருட்டு' என்று நாம் சொல்லும் ஒரே சொல்லுக்குள் மூன்று விஷயம் இருக்கிறது. பிரித்துப் பார்க்கவில்லையென்றால் மதிப்பீடு எல்லாமே குழப்பம்தான்.

ஒன்று, வலு. அதாவது நிக்கோட்டின். இது நாக்கில் தெரியாது. தலையில், வயிற்றில், உள்ளங்கை வேர்வையில் தெரியும். செடியின் உச்சியில் வெயில் அதிகம் வாங்கிய இலை தடிப்பாக, எண்ணெய்ப்பசையோடு இருக்கும். வலு அங்கிருந்துதான் பெரும்பாலும் வருகிறது.

இரண்டு, கனம். புகை வாய்க்குள் எவ்வளவு நிறைவாக உட்காருகிறது என்பது. நீர்மோருக்கும் கெட்டித் தயிருக்கும் உள்ள வித்தியாசம். புளிப்பு ஒன்றாகவே இருக்கலாம், வாயில் படும் விதம் வேறு.

மூன்று, சுவை. எத்தனை வாசம், எப்படி மாறுகிறது என்பது. இதில் பெரும்பகுதி நாக்கின் வேலை இல்லை, மூக்கின் வேலை. மூக்கைப் பொத்திக்கொண்டு காப்பி குடித்துப் பாருங்கள், வெறும் கசப்பும் இனிப்பும்தான் மிஞ்சும். அதனால்தான் சுருட்டுக்காரர்கள் புகையில் கொஞ்சத்தை மூக்கு வழியாக வெளியே விடுகிறார்கள். அப்போது வரும் மிளகுக் காரமும் உண்மையில் சுவை இல்லை. மிளகாய் எரிச்சலை உணரும் நரம்பு எதுவோ, அதே நரம்புதான் இதையும் உணர்கிறது.

வலு அதிகமாக இருந்து சுவை தட்டையாக இருக்கலாம். கனம் நிறைய இருந்தும் தலை சுற்றாமல் இருக்கலாம்.

இரண்டாவது சுருட்டு: மாடியில் 55 நிமிடம்

வயிறு நிறையச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து மொட்டைமாடிக்குப் போனேன். வெறும் வயிற்றில் வலுவான சுருட்டு பிடித்தால் குமட்டும். பெரியப்பா கீழே. புகை அவர் பக்கம் போகக்கூடாது என்று முன்பே பேசிக்கொண்டோம். பக்கத்தில் தண்ணீர், நோட்டு, பேனா.

மேலிலை அடர்ந்த பழுப்பு, லேசான மினுமினுப்பு. விரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்கி மீண்டது. காலியிடமோ கட்டியோ இல்லை. கொழுக்கட்டை மாதிரிதான் இதுவும், உள்ளே பூரணம் சீராக இருக்க வேண்டும். தலையை மெல்லிசாக வெட்டி, பற்ற வைக்காமல் இழுத்துப் பார்த்தால் வைக்கோல், உலர்ந்த திராட்சை.

தீயை நுனியில் படவிடாமல், சற்றுத் தள்ளிப் பிடித்து, சுற்றிச் சுற்றிக் காட்டிப் பற்ற வைத்தேன். அப்புறம் நிமிஷத்துக்கு ஓர் இழுப்பு. அவசரப்பட்டால் சூடேறிக் கசக்கும்.

முதல் பகுதி: மிளகு, மழை நனைத்த மண், வறுத்த காப்பிக்கொட்டை. கனம் ஆரம்பத்திலேயே நிறைவு. நடுப்பகுதி: மிளகு அடங்கியது. புதுச் செருப்புக் கடையில் நுழைந்தால் வரும் தோல் வாசம், பென்சில் சீவினால் வரும் மர வாசம், இனிக்காத சாக்லேட். இந்த இருபது நிமிடம்தான் சுருட்டின் உயிர். கடைசிப் பகுதி: கசப்பு ஏறியது. எரிந்த பகுதியின் நிக்கோட்டினும் தாரும் எரியாத பகுதியில் வந்து படிவதால் போகப்போக வலு கூடும். முன்நெற்றி வேர்த்தது. மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே வைத்துவிட்டேன். சாம்பல் வெளிர் சாம்பல் நிறம், இரண்டு சென்டிமீட்டர் வரை உதிராமல் நின்றது.

அடுத்த வாரம் ஒப்பிடுவதற்காக உறையூர்ச் சுருட்டு ஒன்றைப் பிடித்தேன். இரண்டு முனையும் திறந்தது, வெட்ட வேண்டியதில்லை. வலு பர்த்தகாஸுக்குக் குறைவில்லை, கூடுதலாகவே இருக்கலாம். கனமும் உண்டு. சாம்பல் கறுப்பு கலந்து செதில் செதிலாக உதிர்ந்தது. ஹோம்ஸ் சொன்னது சரிதான். ஆனால் சுவை ஆரம்பத்தில் வந்ததேதான் கடைசி வரை. கருகிய வெல்லம் போல ஒரு வாசம், பின்னால் கமறல். மட்டம் என்று சொல்ல மாட்டேன். வயலில் வேலைக்கு நடுவில் பாதி பிடித்து அணைத்து, காதில் செருகி, மறுபடி பற்ற வைக்கிறவருக்கு மாறாத சுவைதான் வசதி. உட்கார்ந்து குறிப்பெழுதுகிறவனுக்குத்தான் மாற்றம் வேண்டும்.

பெரியப்பா கேட்ட கேள்வி

குறிப்பை முழுக்கப் படித்துக் காட்டினேன். நடுப்பகுதி வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். "தோலு, ஆமா. மரம், ஆமா. சாக்லேட்டு எனக்குத் தெரிஞ்சதில்ல. நீ புஸ்தகத்துல படிச்சிருப்பே." உண்மை. முன்பே படித்திருந்தேன். அந்தச் சொல்லை நோட்டில் அடித்துவிட்டேன். மேலே அது இருப்பது நான் எப்படி ஏமாந்தேன் என்று காட்டத்தான்.

பிறகு கேட்டார்: "நான் ஒரு நாளும் உள்ள இழுத்ததில்லையே. வாயிலயே வச்சு வெளிய விட்டதுக்கா இது?"

தெரிந்ததைச் சொன்னேன். சிகரெட் புகை சற்று அமிலத்தன்மை உள்ளது, நுரையீரலுக்குப் போனால்தான் நிக்கோட்டின் நன்றாக ஏறும். சுருட்டு இலையை நிழலில் உலர்த்தி, அம்பாரமாகக் குவித்துப் புளிக்க வைக்கிறார்கள். குவியல் தானாகவே சூடாகும், அம்மோனியா வெளியேறும், காரம் தணிந்து வாசம் திரளும். அந்த இலையின் புகை காரத்தன்மை உள்ளது, அதனால் வாய்த்தோல் வழியாகவே நிக்கோட்டின் ரத்தத்தில் கலக்கும். இழுக்கத் தேவையில்லாததால் புகை வாயிலேயே தங்குகிறது. புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களும் அங்கேயே தங்குகின்றன. அவற்றில் முக்கியமான நைட்ரோசமின்கள், வாசத்தைக் கொடுக்கும் அதே புளிப்பில்தான் கூடுகின்றன. சிகரெட் ஒன்றில் ஒரு கிராமுக்கும் குறைவான புகையிலை. பெரிய சுருட்டில் ஐந்து முதல் இருபது கிராம்.

"அப்ப நல்ல சரக்குன்னாலும்..."

"நல்ல சரக்குன்னாலும் அதேதான் பெரியப்பா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். மூன்றாவது சுருட்டை எடுத்து, பற்ற வைக்காமல், மேலிலையை மூக்கோரமாக வைத்து ஒரு மூச்சு இழுத்தார். "வைக்கோலு சரி. திராட்சை இல்ல, பேரீச்சம்பழம். எழுதிக்க." எழுதிக்கொண்டேன். அதைத் திரும்ப டப்பாவில் வைத்து மூடியை அழுத்தி, என் பக்கம் தள்ளினார். "இதை நீயும் புடிக்காதே."

அடுத்த பரிசோதனை தை மாதம். டப்பா இப்போது என்னிடம்தான் இருக்கிறது. ஈரமானி 74 காட்டுகிறது, ஐந்தைக் கழித்தால் 69.